கோத்தகிரியில் இருந்துகொண்டு தேயிலை வட்டாரத்தில் ஆள் பழக்கத்தை வளர்ப்பது எப்படி?

கோத்தகிரி_கொழுந்து:
எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் மூன்று ஏக்கர் தேயிலை. கொழுந்தை ஃபேக்டரிக்குப் போடுவது போக, வாரம் 10 கிலோ அளவில் ஆர்த்தோடாக்ஸும் (இலையை உருட்டிச் செய்யும் டீ) கிரீன் டீயும் வீட்டோடு செய்கிறோம். நிலையாக வாங்குகிறவர்கள் இரண்டே பேர். கண்காட்சிகளில் வாங்கிய விசிட்டிங் கார்டு 60 இருக்கும், ஒருவரையும் திரும்ப அழைக்கவில்லை. இத்தனை நாள் கழித்து என்ன சொல்லிப் பேசுவது? பிடித்த தொடர்பை விடாமல் வைத்திருக்க என்ன முறை?

ஏலக்கூடம்:
முதலில் அந்த 60 கார்டையும் ஒரு நோட்டிலோ எக்செல்லிலோ ஏற்றுங்கள். பெயர், ஊர், தொழில், எங்கே சந்தித்தது, கடைசியாகப் பேசிய தேதி, என்ன பேசியது, அடுத்து நாம் செய்ய வேண்டியது. இந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர். அது காலியாக இருந்தால் அந்தப் பெயர் வெறும் பெயர்.

பிறகு பிரியுங்கள். வாங்கக்கூடியவர்கள் ஒரு பத்துப் பேர், இவர்களோடு மாதம் ஒரு முறை. விஷயம் தெரிந்தவர்கள், அதாவது டீயைச் சுவைத்துத் தரம் சொல்லும் டேஸ்டர், ஏலத்தில் தேயிலையை விற்றுத்தரும் புரோக்கர் அலுவலகத்தில் இருப்பவர், தேயிலை வாரியத்தின் குன்னூர் அலுவலகத்தில் சிறு விவசாயிகளைக் கவனிப்பவர், உபாசி (தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர் சங்கம்) ஆராய்ச்சி மையத்தில் மண் பரிசோதனை பார்ப்பவர், இவர்களோடு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மற்றவர்களுக்கு வருடம் இரண்டு போதும். இதற்கு வாரம் அரை மணி நேரம், அதுவும் ஒரே கிழமையில், ஒதுக்கினால் தானாக ஓடும். 'நேரம் கிடைக்கும்போது' என்று வைத்தால் கவாத்து, அதாவது செடி வெட்டும் வேலை, வந்ததும் எல்லாம் நின்றுபோகும்.

வாங்குகிறவரை மட்டுமே ஆளாக எண்ணுவதுதான் பலரும் செய்யும் பிழை. இலை உருட்டும் ரோலரைப் பழுது பார்க்கும் ஃபிட்டர், பை அச்சடிப்பவர், பார்சல் ஆபீஸ்காரர், இவர்கள் இருபது யூனிட்டுக்குப் போய் வருகிறவர்கள். எங்கே புது ஆர்டர் வந்திருக்கிறது, யாருக்குச் சரக்கு போதவில்லை என்பது இவர்கள் காதுக்குத்தான் முதலில் வரும். தினம் பார்க்கிற நாலு பேருக்குத் தெரிந்தது உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். புதுச் செய்தி எப்போதாவது பார்க்கிறவரிடமிருந்துதான் வரும்.

பழைய கார்டுக்கு இப்படி எழுதலாம்: "வணக்கம் சார். போன மே மாதம் சிம்ஸ் பூங்கா பழக்கண்காட்சியில் எங்கள் கிரீன் டீ குடித்துப் பார்த்தீர்கள். தூள் அதிகம் என்றீர்கள். இப்போது உடைந்த இலையைச் சலித்துத் தனியே எடுத்துவிடுகிறோம். 50 கிராம் அனுப்பட்டுமா?" அவ்வளவுதான். விலைப் பட்டியல் வேண்டாம், இவ்வளவு நாள் பேசாததற்கு நீண்ட மன்னிப்பும் வேண்டாம். அவர் சொன்ன ஒரு வார்த்தையை நீங்கள் நினைவு வைத்திருப்பதே கதவைத் திறக்கும். அதனால் இனிமேல் கார்டு வாங்கியதும் அதன் பின்பக்கத்தில் அன்றைக்கே இரண்டு வரி குறித்துவிடுங்கள். ஒரு வாரம் போனால் முகமே நினைவில் நிற்காது.

இரண்டிலை_ஒருமொட்டு:
சாம்பிள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தேயிலையில் உறவு கூடுவதும் முறிவதும் அங்கேதான்.

சரக்காக அனுப்பப்போவது எந்த லாட்டோ (ஒரே தடவையில் செய்த தொகுதி), சாம்பிளையும் அதே லாட்டிலிருந்து எடுங்கள். நல்லதாகப் பொறுக்கி அனுப்பிவிட்டுச் சரக்கு வேறாகப் போனால் அந்த ஆள் மட்டுமல்ல, அவர் பேசும் பத்துப் பேரும் போனார்கள். லாட் எண், செய்த தேதி, கொழுந்தின் தரம், எடை நான்கும் பையின் மேல் இருக்கட்டும். அதே லாட்டில் 50 கிராம் உங்களிடமும் சீல் வைத்து இருக்கட்டும். அவர் குறை சொன்னால் அதைப் பிரித்துக் குடித்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். தென்மேற்கு மழைக்காலத்தில் திறந்த அறையில் பொட்டலம் கட்டாதீர்கள். 3 சதவீத ஈரத்தில் இருக்கும் தூள் சீக்கிரம் ஈரம் குடித்துப் பழைய வாடை அடிக்கும்.

இன்னொன்று, மலையில் இருப்பவர்கள் மறந்துவிடுவது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் கிட்டத்தட்ட 100. அதனால் உங்கள் கோப்பையில் மென்மையாக இருக்கும் டீ அங்கே துவர்க்கும். கிரீன் டீயில் இது பெரிதாகத் தெரியும். 'நல்லாத்தானே இருந்தது' என்று வாங்குகிறவரோடு வாதாடாமல், பையிலேயே தண்ணீரின் சூடு, நிமிடம், கிராம் மூன்றையும் எழுதுங்கள். ஒப்பிட்டுச் சுவைப்பதற்கு ஐஎஸ்ஓ முறை 100 மில்லிக்கு 2 கிராம், 6 நிமிடம். அவரும் நீங்களும் அதே அளவில் குடித்தால்தான் பேச்சு ஒரே விஷயத்தைப் பற்றியதாக இருக்கும். அடிவாரத்தில் மேட்டுப்பாளையம் போகும்போது அங்கே ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

பார்சல் சேர்ந்த அன்று ஒரு வாட்ஸ்அப். ஏழு முதல் பத்து நாள் கழித்து ஒரு போன். பதில் இல்லையென்றால் மூன்று வாரத்தில் இன்னொரு முறை, அதோடு அடுத்த சீசன் வரை விட்டுவிடுங்கள். 'வேண்டாம்' என்று சொன்னால் காரணம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். காரணம் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டவர் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டிய ஆள்.

பர்லியாறு_வளைவு:
நேரம் முக்கியம். குன்னூர் தேயிலை ஏலம் வியாழன், வெள்ளி. அந்த இரண்டு நாளும் புரோக்கர்களையோ வாங்குகிறவர்களையோ சாம்பிள் பற்றிக் கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். சனிக்கிழமை காலை பேசினால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

தோட்டத்துக்கு ஆளை அழைப்பதென்றால் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. பனிக்காலத் தேயிலையின் மணம் அப்போதுதான், ரோடும் மழையில் சரியாமல் இருக்கும். மே மாதம் அழைத்தால் பாதி நாள் வண்டி நெரிசலிலேயே போய்விடும். வெளி மாவட்ட வண்டி நீலகிரிக்குள் வர 2024 மே முதல் இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) உண்டு. லிங்க்கை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துவிடுவார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். விருந்தாளி கோபத்தோடு வந்து இறங்கினால் எந்த டீயும் ருசிக்காது.

கோத்தகிரி_கொழுந்து:
மிக்க நன்றி அண்ணா, எல்லாமே உதவும். ஒரு சந்தேகம். தெரிந்தவர் மூலமாக ஒருவரை அறிமுகம் கேட்பது எப்படி? வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால் ஆகுமா?

ஏலக்கூடம்:
குரூப்பில் கேட்காதீர்கள். எல்லோரிடமும் கேட்டது யாரிடமும் கேட்டதாகாது. குரூப்பை விலை நிலவரத்துக்கும் அறிவிப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிமுகம் கேட்கும்போது உங்கள் நண்பருக்கு வேலை வைக்கக் கூடாது. அவர் அப்படியே ஃபார்வர்டு செய்யக்கூடிய நாலு வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள்: நீங்கள் யார், என்ன செய்கிறீர்கள், மாதம் எத்தனை கிலோ தர முடியும், அவரிடம் எதற்காகப் பேச வேண்டும். "முதலில் அவரிடம் சம்மதம் கேட்டுவிட்டு நம்பர் கொடுங்கள்" என்றும் சொல்லிவிடுங்கள். கேட்காமல் நம்பர் கொடுத்தால் நண்பருக்கும் சங்கடம், உங்கள் போனையும் அவர் எடுக்க மாட்டார். பேசி முடித்த ஒரு வாரத்துக்குள், காரியம் ஆனாலும் ஆகாவிட்டாலும், என்ன நடந்தது என்று நண்பருக்குச் சொல்லியாக வேண்டும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். அடுத்த தடவை அவர் ஏன் மழுப்புகிறார் என்பது அவர்களுக்குப் புரிவதில்லை.

கேட்பதற்கு முன்னால் கொடுக்கப் பாருங்கள். 40 கிலோ கேட்டு ஒருவர் வந்து, உங்களிடம் 10தான் இருக்கிறதென்றால் பக்கத்து யூனிட்காரரின் பெயரைச் சொல்லுங்கள். ஆனால் இருவர் சரக்கையும் ஒரே மூட்டையில் கலக்க வேண்டாம். தனித்தனி லாட் எண்ணோடு போகட்டும். நாளைக்கு ஒரு மூட்டையில் குறை வந்தால் யாருடையது என்று அப்போதுதான் தெரியும், பழியும் மாறி விழாது.