புதுப்பிப்பு: சுவரில் ஓடப்போகும் அசைபடமும் வன்னிப் பாட்டுக்காரரும்

இரவில சுவரில ஓட்டுற அசைபடத்துக்காக (அனிமேஷன்), வன்னியில இருக்கிற பாடகர் குழு, வாத்தியக்குழு பற்றிக் கேட்டிருந்தனான். அதின்ர தொடர்ச்சி இது.

மடு மாதாவின்ர ஆவணித் திருவிழாப் பாடகர் குழுவைத்தான் கனபேர் சொன்னீங்கள். நன்றி, கட்டாயம் போய்க் கேட்பன். ஆனா என்னைப் பிடிச்சு இழுத்தது, கோவலன் கண்ணகி கதையைப் பாடி ஆடுற முல்லைத்தீவுக் கோவலன் கூத்து. கூத்தர் ஒரு அடி பாட, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாடுவினம். படமும் அப்பிடித்தான்: முன்னால ஒரு கோடு ஓடும், பின்னால பல கோடுகள் அதை வாங்கி ஓடும். மத்தளத்தின்ர வலந்தலைக்கு (வலப்பக்கத் தோல்) ஒரு நிறம், இடந்தலைக்கு (இடப்பக்கத் தோல்) வேற நிறம். சல்லரிக்கு (தாளம் போடுற கைத்தாளம்) வெள்ளைப் பொறி.

நாதஸ்வரம், தவிலை இந்தப் படத்தில சேர்க்கேல்லை. அதுக்குத் தனிப்படமே வேணும்.

கிளிநொச்சிப் பக்கம் வெளிச்சம் கூடின புரொஜெக்டர் ஆரும் வாடகைக்குக் குடுக்கினமா?