லாங்கே குன்றுகளிலிருந்து அக்னெல்லோ கணவாய் வரை: மிதிவண்டிப் பயணத்துக்கு ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் பிற்பாதியில் நானும் என் தம்பியும் இத்தாலியின் பியமோந்தே பகுதியில் எட்டு நாள் மிதிவண்டிப் பயணம் செல்லத் திட்டமிட்டுள்ளோம். முதல் நான்கு நாட்கள் அல்பா நகரில் தங்கி, 2014இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த லாங்கே திராட்சைக் குன்றுகளில் பரோலோ, லா மோர்ரா, பார்பரெஸ்கோ ஆகிய ஊர்களைச் சுற்றி வருவோம். அங்குள்ள ஏற்றங்கள் குறுகியவை. எனினும் பல ஊர்கள் குன்றின் உச்சியிலேயே அமைந்திருப்பதால், இறங்கிய கையோடு மீண்டும் ஏற வேண்டியிருக்கும்.

என் கவலை அதற்கடுத்த கட்டத்தைப் பற்றியது. வரைத்தா பள்ளத்தாக்கின் வழியாக, பிரான்ஸ் எல்லையில் 2,744 மீட்டர் உயரத்திலுள்ள அக்னெல்லோ கணவாய்க்கு ஏறும்போது, கியானலே சிற்றூருக்குப் பிந்தைய ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் சராசரிச் சரிவே 9 விழுக்காட்டைத் தாண்டுகிறது. என் வண்டியில் முன்புறம் 50–34, பின்புறம் 11–28 என்ற பல் எண்ணிக்கையுள்ள பற்சக்கரங்கள் உள்ளன. பின்புறத்தை 34 பல் வரை உயர்த்தினால் போதுமா, அதற்காகப் பின் கியர் மாற்றியையும் மாற்ற வேண்டுமா? நீண்ட இறக்கத்தில் என் வண்டியின் கார்பன் ரிம்மில் (சக்கர விளிம்பில்) பிரேக் பிடித்துச் சூடேறும் அச்சமும் இருப்பதால், அலுமினியச் சக்கரங்களையே கொண்டு செல்லலாமா என யோசிக்கிறேன். (தம்பியின் வண்டியில் டிஸ்க் பிரேக், அவனுக்கு இந்தக் கவலை இல்லை.)

செப்டம்பர் இறுதியில் அந்த உயரத்தில் பனி பெய்து சாலை மூடப்படும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும், அப்பாதையில் சென்றவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.