கோர்ட்டு நோட்டீஸில் 'எக்ஸிக்யூஷன் பெட்டிஷன்' என்று இருக்கிறது: பொருள் சொல்லி உதவுங்கள்

வயல்வெளி:
வணக்கம். நேற்று அப்பாவின் பெயருக்குக் கோர்ட்டிலிருந்து நோட்டீஸும் ஒரு மனு நகலும் வந்தன. எல்லாம் ஆங்கிலம். தலைப்பைப் படம்பிடித்து மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். 'மரணதண்டனை மனு' என்று வந்தது. அப்பா பக்கத்தில் இருப்பதை மறந்து சத்தமாகப் படித்துவிட்டேன். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் அவர். இரவு சாப்பிடாமலேயே படுத்துவிட்டார்.

2016-இல் நண்பர் ஒருவருக்காகப் புரோநோட்டில் (கடன் பத்திரத்தில்) சேர்ந்து கையெழுத்துப் போட்டாராம். இது அந்த விவகாரம்தான். மனுவில் 'பிரேயர்' என்ற தலைப்பு இருக்கிறது. செயலி 'பிரார்த்தனை' என்கிறது. 'கன்சிடரேஷன்' என்பதைப் 'பரிசீலனை' என்கிறது. கடைசியில் 'அசையும் பொருட்களின் இணைப்பு' என்று வருகிறது. உறையைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்துவிட்டேன், இணைப்புத் தாள் ஒன்றும் இல்லை. அதை அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டுமா?

ஆலமரம்:
பயப்படாதீர்கள் நண்பரே. பணம் கேட்டு மிரட்டுகிறார்கள், அவ்வளவுதான். வாய்தாவுக்குப் போகாமல் விட்டால் தானாகத் தள்ளுபடியாகிவிடும்.

பழைய கிளார்க்:
ஆலமரம் சொல்வதைக் கேட்டுவிடாதீர்கள் தம்பி. போகாமல் விட்டதால்தான் இந்த நோட்டீஸே வந்திருக்கும்.

முன்சீப் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். எக்ஸிக்யூஷன் என்றால் இங்கே தூக்கு அல்ல. கொடுத்த தீர்ப்பை நிறைவேற்றித் தரும்படி கேட்பது. நாங்கள் இ.பி. என்போம். டிக்ரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, வாங்கியவருக்கு அதை நிறைவேற்றிக்கொள்ள 12 ஆண்டுகள் உண்டு. தீர்ப்பாகி 2 ஆண்டுகள் கடந்திருந்தால், எதிராளிக்கு நோட்டீஸ் கொடுத்துக் கேட்ட பிறகே மேற்கொண்டு நடக்கும். உங்களுக்கு வந்திருப்பது அதுதான். பத்திரத்தில் கையெழுத்திட்டு எழுதிக்கொடுப்பதும் இதே சொல்தான். உங்கள் அப்பா அந்தப் புரோநோட்டை 'எக்ஸிக்யூட்' செய்தவர்.

பிரேயர் என்பது மனுதாரர் கேட்கும் பரிகாரம். கன்சிடரேஷன் என்பது பிரதிபயன், அதாவது கையெழுத்துக்கு ஈடாகக் கைமாறிய பணம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில், சில விலக்குகள் போக, அது இல்லாத ஒப்பந்தம் செல்லாது.

தூக்கு என்று நீங்கள் பயந்த சொல்லில் ஒன்றுமில்லை. விவகாரமே நீங்கள் உறையைத் தட்டித் தேடிய சொல்லில் இருக்கிறது. அட்டாச்மென்ட் என்றால் ஜப்தி! கோர்ட்டு ஊழியரான அமீனா வீட்டு வாசலுக்கு வருவது. தயவுசெய்து அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள்.

வயல்வெளி:
ஐயா, கை நடுங்குகிறது. வீட்டுச் சாமான்கள் எல்லாம் போய்விடுமா? பென்ஷன்?

பழைய கிளார்க்:
அரசு பென்ஷனைத் தொட முடியாது. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை ஆகியவற்றையும் எடுக்கக் கூடாது. சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவில் பட்டியலே இருக்கிறது. பைக்கும் டிவியும் அதில் வராது. அது இருக்கட்டும், மனு நகலில் டிக்ரியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது?

வயல்வெளி:
2019-இல் வழக்கு, 2021-இல் தீர்ப்பு. 'செட் எக்ஸ்பார்ட்டி' என்று இருக்கிறது. விருந்து சம்பந்தப்பட்டது என்று நினைத்து விட்டுவிட்டேன். அப்பா சம்மன் எதுவும் வரவில்லை என்கிறார். 2018-லேயே நாங்கள் வீடு மாறிவிட்டோம்.

கறுப்புக்கோட்டு:
நான் வக்கீல். பார்ட்டி என்றால் இங்கே வழக்கின் கட்சிக்காரர். எதிர்த்தரப்பு வராததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். அதை ரத்து செய்வதற்குப் பெயர் 'செட் அசைட்'. இரண்டிலும் 'செட்' இருக்கிறது. ஒன்று உங்களை வெளியே தள்ளுகிறது, மற்றது உள்ளே விடுகிறது.

மனு போட 30 நாள்தான். சம்மன் முறையாகச் சார்வாகவில்லை, அதாவது கொண்டு சேர்க்கப்படவில்லை என்றால், தீர்ப்பைப் பற்றி உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. ஆகவே, அந்த உறை எங்கே? தபால் முத்திரைத் தேதி வேண்டும். 2018-இல் வீடு மாறியதற்கு மின்கட்டண ரசீது, ரேஷன் அட்டை, எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். தீர்ப்புக் கொடுத்த கோர்ட்டிலேயே மனு போட வேண்டும். மனு போட்டதாலேயே இ.பி. நின்றுவிடாது, தடையும் தனியாகக் கேட்க வேண்டும். கடன் தொகையில் ஒரு பகுதியைக் கட்டும்படி கோர்ட்டு சொல்லலாம், அதற்குத் தயாராக இருங்கள்.

ஆலமரம்:
மன்னிக்கவும், தவறாகச் சொல்லிவிட்டேன்.

வயல்வெளி:
உறை குப்பைக் கூடையில் கிடந்தது. டீக்கறை படிந்திருந்தாலும் முத்திரையில் தேதி தெரிகிறது. நாளைக் காலை வக்கீலைப் பார்க்கிறோம். 'தூக்கு இல்லை, ஜப்திதான்' என்று சொன்னதும் அப்பா எழுந்து உட்கார்ந்து, இரண்டு இட்லி சாப்பிட்டார். இப்போது புரோநோட்டுக்கு வட்டி போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.