போதைப் பழக்கத்திலிருந்து மீட்கத் தம்பியை எங்கே சேர்ப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 22 வயது, விசைப்படகில் போகிறான். போன வாரம் அவன் பையில் இரண்டு டபென்டடால் மாத்திரை அட்டைகளும் ஓர் ஊசியும் இருந்தன. வலி மாத்திரைதானே என்று நினைத்துவிட்டேன். அது ஓபியாய்டு வகை, அபினைப் போலவே அடிமையாக்கும். கரைத்து ஊசியில் ஏற்றினால் ரத்தக்குழாய் புண்ணாகும். அளவு மீறினால் மூச்சே அடங்கிவிடும். மதுவும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். அன்றிரவு மங்கலான வெளிச்சத்திலும், இந்த மருந்தின் அறிகுறியாக, அவன் கண்பாவை கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது.

மாத்திரை இல்லாத நாளில் மூக்கொழுகல், வியர்வை, வயிற்றுப்போக்கு. உடம்பை முறுக்கி எடுக்கிறது. அந்த நிலையில் எப்படிக் கடலுக்கு அனுப்புவது?

போலீஸ் பிடித்துவிடும் என்று அம்மா அஞ்சுகிறார். தானாகச் சிகிச்சைக்கு வருபவர்களுக்கு 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவில் பாதுகாப்பு உண்டு என்று சொல்லித் தேற்றியிருக்கிறேன். 14446 உதவி எண் இருப்பதும் தெரியும். ஆனால் அனுபவப்பட்டவர்கள் சொல்வது வேறல்லவா?

ராமநாதபுரத்திலோ மதுரையிலோ யாரையாவது உள்நோயாளியாகச் சேர்த்திருக்கிறீர்களா? எத்தனை நாள் தங்க வேண்டும், செலவு என்ன? அடிக்காமல், கட்டிவைக்காமல் பார்க்கும் இடம் வேண்டும். “கூட்டிக்கொண்டு போ அக்கா” என்று நேற்று அவனே கேட்டான். அந்த மனம் மாறுவதற்குள் சேர்த்துவிட வேண்டும்.