மறு: வானத்துச் சுங்கச்சாவடியா, ஆயத்துறையா?

வணக்கம் ஐயா,

> "மித்தார்ஸ்த்வோ"வுக்குச் சுங்கச்சாவடி என்றே போட்டுவிடலாமே. எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே?

இறந்தவரின் உயிர் மேலே போகும் வழியில் பாவக் கணக்குக் கேட்டு மறிக்கும் நிறுத்தத்துக்கு ரஷ்ய மொழியில் உள்ள பெயர்தான் "மித்தார்ஸ்த்வோ". அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே நம் கேள்வி. தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். "வானத்துச் சுங்கச்சாவடி" என்று எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன். "ஃபாஸ்டேக் உண்டாப்பா?" என்றாள் மகள். அதற்குமேல் தெயொதோராவின் கதையை யார் கேட்கப்போகிறார்கள்!

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கதைச் சுருக்கம். 10ஆம் நூற்றாண்டுக் கான்ஸ்டான்டிநோபிளில் வாழ்ந்த புதிய பசிலியார் என்ற துறவியின் வரலாறு கிரேக்கத்தில் எழுதப்பட்டு, ஸ்லாவோனியத்துக்கு (ஸ்லாவியர்களின் பழைய திருச்சபை மொழி) போய், ரஷ்யாவில் பெருவழக்கானது. அவருக்குப் பணிவிடை செய்த தெயொதோரா என்ற மூதாட்டி இறந்தபின் சீடர் கிரெகோரியின் கனவில் வந்து, உயிர் பிரிந்த பிறகு நடந்ததைச் சொல்கிறாள். தேவதூதர்கள் அவளை மேலே கூட்டிப்போகிறார்கள். வழியில் பாவத்துக்கு ஒன்றாக நிறுத்தங்கள். பரவலான வடிவத்தில் 20. வெட்டிப்பேச்சில் தொடங்கி, பொய், புறங்கூறல் என்று போய், இரக்கமின்மையில் முடியும். ஒவ்வொன்றிலும் பேய்கள் கணக்கேட்டை விரித்துவைத்துப் பாக்கி கேட்கின்றன. அவள் செய்த நன்மை போதாத இடங்களில், பசிலியார் கொடுத்தனுப்பிய பையிலிருந்து தூதர்கள் எடுத்துக் கட்டுகிறார்கள். பைக்குள் இருந்தது அவருடைய வேண்டுதல்கள். (சுங்கம் தவிர்த்த சோழன் அந்தப் பக்கம் ஆளவில்லை போலும்.)

ஆகவே இந்த நிறுத்தங்களுக்கு "வதைக்கூடம்", "நரகப்படி" என்ற பெயர்கள் இரண்டும் சரிவராது. அவை 12ஆம் நூற்றாண்டு ஸ்லாவோனியப் பிரதி கிடைத்திருக்கும் இன்னொரு நூலுக்குப் பொருந்தும்: கன்னி மரியாள் மிக்கேல் தூதருடன் நரக வேதனைகளைச் சுற்றிப் பார்ப்பது. பெரூன், வேலெஸ் போன்ற பழைய ஸ்லாவியத் தெய்வங்களைக் கும்பிட்டவர்கள் அங்கே இருட்டில் கிடக்கிறார்கள். அது தண்டனை நடக்கும் இடம். தெயொதோரா போனதோ கணக்குத் தீராத வழி.

இனி சொல்லுக்கு வருவோம். "மித்" என்றால் பழைய ரஷ்ய மொழியில் சுங்கம். மாஸ்கோவுக்குப் பக்கத்திலுள்ள மித்தீஷ்சி ஊரின் பெயரும் அதிலிருந்து வந்ததே. கிரேக்க மூலத்தில் "தெலோனியோன்". மத்தேயு 9:9-இல் மத்தேயு உட்கார்ந்திருந்த இடத்துக்கும் அதே சொல்தான். திருவிவிலியத்தில் அது "சுங்கச்சாவடி", உங்கள் பக்கமும் சான்று இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழைய தமிழ் வேதாகமத்தில் "ஆயத்துறை" (ஆயம் என்றால் சுங்கவரி). அங்கே இருப்பவன் ஆயக்காரன்.

என் ஓட்டு இதற்கே. தெயொதோராவை மறிக்கும் பேய்களுக்கும் மத்தேயுவின் பழைய தொழிலுக்கும் மூலத்தில் ஒரே பெயர். "ஆயக்காரர்" என்றால் ஆயக்காரனும் பரிசேயனும் உவமையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். "சுங்க அதிகாரி" என்றால் விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்பவர்தான் நினைவுக்கு வருவார். "துறை"யில் கரையேறுமிடம் என்ற பொருளும் இருக்கிறது. பயணக் கதைக்கு அது கூடுதல் லாபம். சுங்கத்தைக் குறிக்கும் "உல்கு" குறளிலேயே (756) இருக்கும் அழகான சொல்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அடிக்குறிப்பு போட வேண்டிவரும்.

ஒரு குறை உண்டு. இன்றைய ரஷ்யர் பட்டா மாற்ற மேசை மேசையாக ஏறி இறங்குவது மாதிரியான பாட்டையும் "மித்தார்ஸ்த்வோ" என்ற இதே சொல்லால் சொல்வார்கள். அதற்கு ஆயத்துறை உதவாது. அந்த இடத்தில் "அலைக்கழிப்பு" என்றே போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், படக்குறிப்பு. இறுதித் தீர்ப்பைக் காட்டும் ஐகான்களில் (திருச்சபைத் திருவோவியங்களில்) நரகத்திலிருந்து ஆதாமின் காலடி வரை ஒரு பாம்பு நெளிந்து ஏறும். அதன் உடம்பில் வளையம் வளையமாக இருப்பவைதான் இந்த நிறுத்தங்கள், வளையத்துக்கு ஒரு பாவம். அவ்வளவு சின்ன இடத்தில் "சுங்கச்சாவடி" நுழையாது. "ஆயம் 1: வெட்டிப்பேச்சு" என்று போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள் ஐயா, சொல்லடைவில் ஏற்றிவிடுகிறேன்.