போன் பூட்டியதா இல்லையா: லாக் சத்தத்தை மாற்றியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

வில்லாபுரத்தான்

எங்கள் அத்தை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகையும் பிச்சியும் வாங்கி விற்கிறார். விடியுமுன் போனால் வெயில் ஏறும்வரை கை பூவிலும் தராசிலும்தான் இருக்கும். போன் வந்தால் ஈரக் கையோடு எடுத்துப் பேசுவார், பக்கத்துப் பட்டனை ஒரு அழுத்து அழுத்தி இடுப்பில் செருகிய சுருக்குப் பைக்குள் போட்டுவிடுவார். பூட்டியதா என்று திரையைப் பார்க்கிற வழக்கமே கிடையாது. பூட்டாமல் போனால் பைக்குள் இருந்தபடியே அது யாரையாவது கூப்பிட்டுவிடும்.

ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் உசிலம்பட்டி வியாபாரி ஒருவருக்கு அப்படிக் கால் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து அத்தை அவரைப் பற்றித்தான் பக்கத்துக் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். எவ்வளவு கேட்டால் எவ்வளவுக்கு இறங்குவார் என்கிற பேச்சு. அந்த மனிதர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். அன்று மாலை அத்தை என்னைக் கூப்பிட்டார்: "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ப்பா. பூட்டுனா பூட்டிருச்சுன்னு அது வாயால சொல்லணும், அம்புட்டுதேன்."

சுலபம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். செட்டிங்ஸில் சவுண்ட் பகுதிக்குள் ஸ்கிரீன் லாக்கிங் சவுண்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அத்தை போனில் அது ஆஃப். ஆன் செய்ததும் 'டிக்' என்றது. வீட்டில் நன்றாகவே கேட்டது. மார்க்கெட்டில், ஏலம் கூவுகிறவர்களுக்கும் மூட்டை இறக்குகிறவர்களுக்கும் நடுவில், காதில் வைத்துக் கேட்டாலும் கேட்காது.

ரிங்டோன் போல இந்தச் சத்தத்தையும் மாற்றலாம் என்று தேடினால் அப்படி ஓர் இடமே இல்லை. ஆன், ஆஃப், அவ்வளவுதான். தனியாக வால்யூமும் கிடையாது. இது சிஸ்டம் ஒலியோடு சேர்ந்தது, பல போன்களில் ரிங் வால்யூமைக் கூட்டினால் கூடவே இதுவும் கூடும். அப்படியும் ஏன் இவ்வளவு சன்னமாக இருக்கிறது என்றால், ஆண்ட்ராய்டின் மூல நிரலிலேயே இந்த ஒலியை 6 டெசிபல் குறைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். ராத்திரி படுக்கையில் போனை வைக்கும்போது பக்கத்தில் தூங்குகிறவர் எழுந்துவிடக் கூடாது என்ற எண்ணம் போலிருக்கிறது. பூ மார்க்கெட்டை யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் லேப்டாப்பை எடுத்தேன். போனில் பில்டு நம்பரை 7 தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, யுஎஸ்பி டிபக்கிங்கை ஆன் செய்து, கேபிளில் இணைத்து, லேப்டாப்பில் இருந்து போனுக்குக் கட்டளை அனுப்புகிற ஏடிபி என்ற கருவி வழியாகப் போக வேண்டும். போனுக்குள் குளோபல் செட்டிங்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் 'லாக் அண்டர்ஸ்கோர் சவுண்ட்', 'அன்லாக் அண்டர்ஸ்கோர் சவுண்ட்' என்று இரண்டு வரிகள் உண்டு. எந்த ஒலிக் கோப்பை இசைக்க வேண்டும் என்ற பாதை அதில்தான் எழுதியிருக்கும். முதலில் 'கெட்' கட்டளை கொடுத்துப் பழைய பாதையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பப் போட வேண்டிவரும். பிறகு 'புட்' கட்டளையில் புதிய பாதை. போனை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் மாற்றம் தெரியும், ஏனென்றால் திரையைக் கவனிக்கிற சிஸ்டம் யுஐ, தான் எழும்போது மட்டும்தான் அந்த ஒலியை நினைவில் ஏற்றிக்கொள்கிறது.

இங்கேதான் சிக்கல். அத்தை பேரன் 'பூட்டியாச்சு' என்று கத்துவதைப் பதிவு செய்து மியூசிக் ஃபோல்டரில் போட்டு, அந்தப் பாதையைக் கொடுத்தேன். சத்தமே வரவில்லை. யோசித்தால் காரணம் புரிகிறது. போன் ஆன் ஆனதும், பின் நம்பர் அடிக்கும்வரை நம் சொந்தக் கோப்புகள் எல்லாம் குறியாக்கத்தில் பூட்டிக் கிடக்கும். சிஸ்டம் யுஐ ஒலியைத் தேடுவது அதற்கு முன்னால். கோப்பு கண்ணுக்குத் தெரியாததால் ஊமையாகிவிடுகிறது.

அதனால் போனோடு வருகிற ஒலிகளையே பார்த்தேன். சிஸ்டம் பகுதியிலும், புதுப் போன்களில் பிராடக்ட் பகுதியிலும், மீடியா, ஆடியோ என்று ஃபோல்டர்கள் இருக்கும். அதற்குள் நோட்டிஃபிகேஷன் ஒலிகள் நிறைய உண்டு. அவை பின் நம்பருக்குக் காத்திருப்பதில்லை. ரூட் (போனின் சிஸ்டத்தையே மாற்றுகிற முழு அதிகாரத்தைக் கையில் எடுப்பது) எதுவும் செய்யாமல் அவற்றில் ஒன்றின் பாதையைக் கொடுத்தால் வேலை செய்கிறது.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்து விசில் மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். மறுநாளே வேண்டாம் என்றுவிட்டார். பக்கத்திலேயே பஸ் ஸ்டாண்டு, கண்டக்டர் விசில் அடிக்கும்போதெல்லாம் பையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார். இப்போது இருப்பது ஏதோ பறவை கூவுவது போன்ற ஒலி. அந்த மார்க்கெட்டில் அப்படி எதுவும் கூவாது, அதனால் கேட்கிறது.

ஒரு விஷயம், நீளமான ஒலி வேண்டாம். இதை இசைக்கிற சவுண்ட்பூல் என்ற ஆண்ட்ராய்டு பகுதி, சுருக்கிய ஒலிக் கோப்பை விரித்த அளவில் 1 எம்பி வரைதான் எடுத்துக்கொள்ளும். ஸ்டீரியோ ஒலி என்றால் 6 விநாடிக்குள் வெட்டுப்பட்டுவிடும்.

வேறு வழி கண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பேரன் குரல்தான் வேண்டும் என்று அத்தை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

திருமங்கலத்தான்

சாம்சங் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. சவுண்ட்ஸ் அண்ட் வைப்ரேஷனுக்குள் சிஸ்டம் சவுண்ட் என்று இருக்கும். அதில் கேலக்ஸி, காம், ஃபன், ரெட்ரோ என்று ஒலித் தொகுப்புகள். ரெட்ரோவைப் போட்டால் லாக் சத்தமும் மாறும், கீபோர்டு சத்தமும் சேர்ந்து மாறும். சிஸ்டத்துக்கென்று தனி வால்யூம் கோடும் உண்டு. நான் லாரி ஓட்டுகிறவன், கப்பலூர் டோலில் நிற்கும்போது போனை ஸ்டாண்டில் வைத்தே பூட்டிவிடுவேன், கண்ணைத் திருப்ப வேண்டியதில்லை. சொந்தக் குரலெல்லாம் இதில் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சால்ட்ரிங் கை

டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். லாக் சத்தம் மாற்றணும் என்று வருகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் இளவட்டம், சிங்கம் உறுமணும், புல்லட் ஸ்டார்ட் ஆகணும் என்பார்கள். அது பரவாயில்லை. ஏற்கெனவே ஏதாவது ஆப்பைப் போட்டுவிட்டு, அதை எடுக்கத் தெரியாமல் வருகிறவர்கள்தான் பாவம்.

போன மாதம் வாடிப்பட்டியில் இருந்து ஒரு பெரியவர் வந்தார். போனைத் திறந்தாலே திரை முழுக்க விளம்பரம், மூடுகிற எக்ஸ் குறி கடுகளவு. பேரன் ஏதோ லாக் சத்த ஆப் போட்டுக்கொடுத்திருக்கிறான். உள்ளே பார்த்தால் அக்சஸிபிலிட்டி அனுமதி, மற்ற ஆப்களுக்கு மேலே காட்டும் அனுமதி, எல்லாம் கொடுத்து வைத்திருக்கிறது. அக்சஸிபிலிட்டி என்பது திரையில் உள்ளதையெல்லாம் படிக்கிற அனுமதி. ஓடிபி வந்தாலும் படிக்கும். ஒரு 'டிக்' சத்தத்துக்கு அது எதற்கு?

உண்மையில் தேவையே இல்லை. திரை அணைந்தது, திரை எரிந்தது, ஆள் பூட்டைத் திறந்தார் என்று ஆண்ட்ராய்டே எல்லா ஆப்களுக்கும் அறிவிப்பு அனுப்புகிறது. ஆப் அதைக் கேட்டுக்கொண்டு ஒலியை இசைத்தால் போதும். ஆனால் அந்த அறிவிப்பைக் கேட்க ஆப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மேலே ஒரு நோட்டிஃபிகேஷன் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். பேட்டரி சேமிப்பு அதைக் கொன்றுவிட்டால் சத்தமும் நின்றுவிடும். 'ரெண்டு நாள் வந்துச்சு, அப்புறம் வரலண்ணே' என்று வருகிற புகார்கள் எல்லாம் இந்த வகைதான்.

ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியில் இருந்து இறக்கிய ஆப்புக்கு அக்சஸிபிலிட்டியை அவ்வளவு எளிதில் கொடுக்க முடியாதபடி தடுத்திருக்கிறார்கள். அந்தத் தடையை எப்படித் தாண்டுவது என்று வீடியோ பார்த்துத் தாண்டிவிட்டு வருகிறார்கள், என்ன செய்ய.

செல்லூர்ப் பையன் ஒருவன் ரூட்டே செய்துவிட்டான். சிஸ்டத்துக்குள் இருக்கிற லாக் ஒலிக் கோப்பையே தூக்கிவிட்டுத் தன்னுடையதை வைத்தான். சத்தம் அருமையாக வந்தது. பணம் அனுப்புகிற ஆப்தான் திறக்கவில்லை, ரூட் செய்த போனை அவை ஏற்பதில்லை. டீக்கடையில் ஸ்கேன் செய்ய முடியாமல் வந்து நின்றான், எல்லாவற்றையும் அழித்துப் பழையபடி போட்டுக்கொடுத்தோம்.

வில்லாபுரத்தான், உங்கள் அத்தை போனில் ஒன்று பாருங்கள். ஸ்மார்ட் லாக், இப்போது எக்ஸ்டெண்ட் அன்லாக் என்று பெயர், அதில் 'ஆன் பாடி டிடெக்ஷன்' ஆனில் இருக்கிறதா? இருந்தால், ஒருமுறை திறந்த போன் உடம்போடு இருக்கிற வரை திறந்தேதான் இருக்கும். இடுப்புப் பை என்றால் கேட்கவே வேண்டாம்.

அழகர்கோயில் ரோட்டுக்காரர்

எனக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற டாக்பேக் போட்டுத்தான் போனைப் பயன்படுத்துகிறேன். திரை அணைந்தால் அதுவே சொல்லிவிடும், பிறகு லாக் சத்தம் எதற்கு என்று நண்பர்கள் கேட்பார்கள். பேச்சு வந்து முடியும்வரை காத்திருக்க வேண்டும், 'டிக்' உடனே வந்துவிடும். பஸ்ஸில் ஏறும்போது அந்த அரை விநாடி பெரிது.

சத்தம் வராமல் இருப்பதும் எனக்கு ஒரு தகவல்தான். பட்டனை அவசரத்தில் இரண்டு தடவை அழுத்திவிட்டால் பல போன்களில் கேமரா திறந்துகொள்ளும். பூட்டுச் சத்தம் கேட்கவில்லை என்றால் கேமரா ஓடுகிறது என்று புரிந்துகொள்வேன். முன்பு இது தெரியாமல் பேட்டரி தீர்ந்துபோகும்.

பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒலி வேறு வேறாக இருக்க வேண்டும், இதை மட்டும் கவனியுங்கள். சில போன்களில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், அதில் பயனே இல்லை. 2018 தீ விபத்துக்குப் பிறகு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கொடுக்கும்முன் பட்டனை அழுத்துவேன், இறங்குகிற ஒலி வந்தால் கொடுப்பேன். ஏறுகிற ஒலி வந்தால் விரல் ரேகை பட்டுத் திறந்துவிட்டது என்று அர்த்தம், மறுபடி அழுத்துவேன்.

அமைதி விரும்பி

புதுநத்தம் ரோடு கலைஞர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். எதிரே உட்காருகிறவர் நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்து 'டிக்', வைத்து 'டிக்'. ஐயா, சைலண்ட்டிலோ வைப்ரேட்டிலோ போட்டால் இந்தச் சத்தமும் சேர்ந்து அடங்கிவிடும். சத்தத்தை மாற்றுவது எப்படி என்று இவ்வளவு பேசுகிறீர்கள், நிறுத்துவது எப்படி என்றும் ஒரு வரி இருக்கட்டும்.

பசுமலைப் பொண்ணு

பேரன் குரலுக்கு வழி இருக்கிறது அண்ணா. மேக்ரோடிராய்டு என்று ஒரு ஆப், லேப்டாப் வேண்டாம், ரூட் வேண்டாம். திரை அணைந்தால் இந்த ஒலிக் கோப்பை இசை என்று ஒரு மேக்ரோ எழுதிவிட்டால் போதும். எந்த வால்யூமில் ஒலிக்க வேண்டும் என்பதையும் அதில் தேர்ந்தெடுக்கலாம், அலாரம் வால்யூம் கொடுத்தால் மார்க்கெட்டிலும் கேட்கும். பேட்டரி கட்டுப்பாட்டில் இருந்து ஆப்பை விலக்கி வைக்க மறக்காதீர்கள், மேலே சொன்ன அண்ணன் சொன்ன அதே காரணம்.

ஆனால் திரை அணைவதும் போன் பூட்டுவதும் ஒன்றல்ல. லாக் செட்டிங்ஸில் 'திரை அணைந்து எவ்வளவு நேரம் கழித்துப் பூட்ட வேண்டும்' என்று ஒரு வரி இருக்கும். அது 5 விநாடி என்று இருந்தால், திரை தானாக அணைந்த உடனே மேக்ரோ 'பூட்டியாச்சு' என்று சொல்லும், போன் இன்னும் பூட்டியிருக்காது. போனின் சொந்த லாக் ஒலி இப்படிப் பொய் சொல்லாது, உண்மையில் பூட்டும்போதுதான் வரும். அதனால் அந்த நேரத்தை 'உடனே' என்று மாற்றுங்கள், பவர் பட்டன் அழுத்தினால் அப்போதே பூட்டும் என்கிற சுவிட்சையும் ஆன் செய்யுங்கள்.

எங்கள் பாட்டிக்கு நான் இதைத்தான் செய்தேன். கோப்பு கூட வைக்கவில்லை, தமிழில் பேச வைத்துவிட்டேன். மாதம் ஒருமுறை வாசகத்தை மாற்றச் சொல்வார். இப்போது 'போய்த் தூங்கு' என்கிறது.

வில்லாபுரத்தான்

ஆன் பாடி டிடெக்ஷன் ஆனில்தான் இருந்தது! ஆஃப் செய்துவிட்டேன். உசிலம்பட்டிக்காரர் கதைக்கு அதுதான் காரணமாக இருக்கணும், பட்டனை அத்தை ஒழுங்காகத்தான் அழுத்தியிருக்கிறார். அவரிடம் சொன்னேன், "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். எப்போது சொன்னார் என்று தெரியவில்லை.

மேக்ரோவும் போட்டாயிற்று. அலாரம் வால்யூமில் பேரன் கத்துகிறான். பறவைச் சத்தத்தையும் எடுக்க வேண்டாம் என்றுவிட்டார், அது போன் சொல்வது, இது பிள்ளை சொல்வதாம். இரண்டும் கேட்டால்தான் பைக்குள் போடுகிறார்.

கீழமாசி வீதி

ரெட்மியில் ஏடிபி கட்டளை கொடுத்தால் அனுமதி இல்லை என்று வருகிறது. ஏதாவது வழி?

சால்ட்ரிங் கை

டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி டிபக்கிங்குக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள் செக்யூரிட்டி செட்டிங்ஸ் என்று போட்டு இன்னொரு டிபக்கிங் சுவிட்ச் இருக்கும். அதையும் ஆன் செய்யணும். சிம் உள்ளே இருக்கணும், மி அக்கவுண்ட்டில் லாகின் ஆகியிருக்கணும். வேலை முடிந்ததும் இரண்டு சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.