பாதியில் நின்ற கூடுகள்

குழு: வளவு வீட்டுச் சொந்தங்கள்

சனிக்கிழமை

அம்மா: காலை வணக்கம். அப்புவுக்குக் காலாண்டு விடுமுறை விட்டாயிற்று. ஒன்பதாம் வகுப்பு அறிவியலுக்கு ஒரு ப்ராஜெக்ட் இருக்கிறது. "உனக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதையே எடு" என்று மிஸ் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இவன் தூக்கணாங்குருவி என்கிறான். அவன் அப்பா சந்திரயான் என்கிறார். எழுந்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சு. நீங்கள் எல்லாம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பள்ளத்தூர் மாமா: அக்கா, இதற்கா இவ்வளவு யோசனை? நம் கடைக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் சூரியக் குடும்பம், மீதிப் பேர் எரிமலை. கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் போட்டு ஒரு மணி நேரத்தில் கையில் கொடுத்துவிடுவேன். குருவிக்கும் போட்டுத் தரலாம்.

சிங்கப்பூர் பெரியப்பா: செட்டிநாட்டில் இருந்துகொண்டு குருவியா? ஆத்தங்குடிக் கல் எடுக்கச் சொல்லம்மா. கண்ணாடி மேல் கலரை ஊற்றி, சிமெண்டைக் கொட்டி, சூளையே இல்லாமல் வழவழவென்று கல் வருகிறதே, அதில் இல்லாத அறிவியலா? பட்டறைக்கே போய்ப் பார்த்து எழுதலாம்.

அப்பா: நான் குருவி வேண்டாம் என்று சொல்லவில்லை அண்ணன். அதில் அறிவியல் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறேன். பிடிக்கும் என்பதற்காகப் படம் ஒட்டிக் கொண்டுபோய் வைத்தால் மார்க் வருமா?

மதுரை அக்கா: பெரியப்பா, ஆத்தங்குடிக் கல் நல்ல தலைப்புதான். ஆனால் அது உங்களுக்குப் பிடித்த தலைப்பு. அப்பு ஆறாம் வகுப்பிலிருந்து கண்மாய்க்கரைப் பனைமரத்தடியில்தான் நிற்கிறான். சாப்பிடக் கூப்பிட அங்கேதான் ஆள் போக வேண்டியிருக்கிறது.

தேவகோட்டை அத்தை: இப்போதுதான் பார்த்தேன். அப்பு, அம்மாவிடம் போனை வாங்கி நீயே எழுது. தூக்கணாங்குருவி பிடிக்கும், சரி. அதில் உனக்குப் புரியாதது எது? இத்தனை நாள் பார்த்தும் விடை கிடைக்காதது எது? அதை மட்டும் சொல். பெயர், உணவு, வாழிடம் எல்லாம் பாடப்புத்தகம் சொல்லிவிடும்.

அப்பு: அத்தை, அது கூடு கட்டுவது தெரியும். ஓலை ஓரத்தில் ஒரு கடி கடிக்கும். அப்புறம் அந்த முனையை அலகில் பிடித்துக்கொண்டு பறக்கும். ஓலை நூல் மாதிரி நீளமாகக் கிழிந்து வரும். நெல் தோகையிலும் இப்படித்தான் கிழிக்கும். மஞ்சள் தலை உள்ள ஆண் குருவிதான் கட்டும். ஆனால் நிறையக் கூடு பாதியில் நிற்கிறது. தொப்பி மாதிரி, கீழே திறந்து, நடுவில் ஒரு குறுக்குக் கயிறு மட்டும் இருக்கும். இவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டிவிட்டு ஏன் பாதியில் விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இன்னொன்று கட்டுகிறது? அதுதான் தெரியவில்லை.

அப்பு: (படம்)

அப்பு: இதில் இடது பக்கம் தொங்குவது போன மாதமும் இப்படியேதான் இருந்தது.

தேவகோட்டை அத்தை: தம்பி, அறிவியல் எங்கே என்று கேட்டாயே, இதோ வந்துவிட்டது. உன் பையன் கேட்ட இதே கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் பறவை ஆய்வாளர் சாலிம் அலி ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்திருந்தார். 1930-இல், பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடலோர ஊரில். அருங்காட்சியகத்தில் பார்த்த வேலை போய்விட்ட நேரம் அது. வீட்டுப் பக்கத்து மரத்தில் இந்தக் குருவிகள் கூட்டமாகக் கட்டிக்கொண்டிருந்தன. ஆண் குருவி அரைக்கூடு வரை கட்டும், பெண் குருவிகள் வந்து உள்ளே நுழைந்து பார்க்கும், ஒருத்திக்குப் பிடித்தால்தான் ஆண் மீதியைக் கட்டி முடிக்கும், முடித்த கையோடு அடுத்த கூட்டைத் தொடங்கி அடுத்த பெண்ணை அழைக்கும். இதை அவர்தான் உட்கார்ந்து பார்த்து எழுதினார்.

அப்பு: அப்படியென்றால் பாதியில் நிற்பதெல்லாம் பெண் குருவிக்குப் பிடிக்காத கூடா?

தேவகோட்டை அத்தை: பல கூடுகள் அப்படித்தான். எல்லாம் இல்லை. வயதுக்கு வராத இளம் ஆண்களும் கட்டிப் பழகும், அவை முடிப்பதில்லை. இன்றுதான் கட்டிக்கொண்டிருக்கும் கூடும் பார்வைக்கு அரைக்கூடுதான். காற்றில் அறுந்து பாதியானதும் இருக்கும். உன் மரத்தில் எது எது என்று எப்படிப் பிரிப்பாய்? இதைப் பக்கத்து ஆளிடம் கேட்காமல் நீயே யோசி.

அம்மா: அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "தூக்கணாங்குருவி கூட்டுக்குள் களிமண்ணை உருட்டி ஒட்டி, அதில் மின்மினிப் பூச்சியைப் பதித்து வைக்கும். ராத்திரியில் குஞ்சுக்கு வெளிச்சம். எங்கள் ஐயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதையும் எழுதச் சொல்."

மதுரை அக்கா: அப்பத்தா, எனக்கும் இந்தக் கதை சொல்லித் தூங்கவைத்திருக்கிறீர்கள்.

தேவகோட்டை அத்தை: அப்பத்தா சொல்வதில் மண் உண்மை. அரைக்கூடு கட்டும்போதே உள்சுவரில் ஈர மண்ணையும் சாணத்தையும் உருண்டையாக அப்பும். காற்றில் கூடு ரொம்ப ஆடாமல் இருக்கக் கனம் சேர்க்கிறது என்று ஒரு கருத்து உண்டு. மின்மினியை மட்டும் ஆராய்ச்சியாளர்கள் ஏற்பதில்லை. அப்பு, கீழே விழுந்து கிடக்கும் பழைய கூடு இருந்தால் பிரித்துப் பார்த்து அப்பத்தாவிடம் காட்டு. விழுந்ததை மட்டும். மரத்தில் தொங்குவதை யாரும் தொடக்கூடாது, காலியாகத் தெரிந்தாலும் சரி.

சிங்கப்பூர் பெரியப்பா: நானும் படித்திருக்கிறேன். கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கம்தான் இருக்குமாம். தென்மேற்குப் பருவக்காற்றுக்கு மறைவு. இதை எடுக்கலாமே அப்பு.

அப்பா: அண்ணன், இது நல்ல கேள்வி. ஏனென்றால் நமக்குப் பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில்தான், காற்று வடகிழக்கிலிருந்து வரும். கிழக்குப் பக்கம் கட்டினால் நேரே அடி வாங்குமே? போனில் திசைகாட்டி இருக்கிறது. ஒவ்வொரு கூடும் எந்தப் பக்கம் என்று குறித்தால் ஒரு கிராஃப் போடலாம். இதையே தலைப்பாக வைத்துவிடு அப்பு.

பள்ளத்தூர் மாமா: அத்தான் கட்சி மாறிவிட்டார்.

தேவகோட்டை அத்தை: கேள்வி அருமையான கேள்விதான். ஆனால் எடுக்க வேண்டியது அவன். அப்பு?

அப்பு: எனக்குப் பாதியில் நிற்கும் கூடுதான் வேண்டும்.

தேவகோட்டை அத்தை: சரி, அப்படியென்றால் அதுதான். திசை அட்டவணையில் ஒரு கட்டமாக இருக்கட்டும், எழுதி வை, பின்னால் உதவும். ஆனால் கேள்வி ஒன்றுதான்: இந்த மரத்தில் எத்தனை கூடு பாதியில் நின்றது, அவை முடிந்த கூடுகளிலிருந்து எதில் வேறுபடுகின்றன? பிடித்த விஷயத்தை எடுக்கிற பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். பிடித்திருக்கிறது என்பதால் அதைப் பற்றி எல்லாவற்றையும் சொல்ல ஆசை வரும். முட்டை, குஞ்சு, இரை, எதிரி என்று பத்துத் தலைப்பு போடுவார்கள், எதிலும் அவர்கள் பார்த்தது ஒரு வரி இருக்காது. வாசித்ததுதான் இருக்கும்.

அம்மா: அண்ணி, மற்ற பிள்ளைகள் எல்லாம் விளக்கு எரியும் மாடல், புகை வரும் எரிமலை என்று கொண்டுவருவார்களே. இவன் ஒரு நோட்டோடு போய் நின்றால் எடுபடுமா?

தேவகோட்டை அத்தை: எடுபடும். நான் எத்தனையோ கண்காட்சிகளில் மதிப்பெண் போட்டிருக்கிறேன். எரிமலை வைத்திருக்கும் பிள்ளையிடம் "ஏன் வினிகரை ஊற்றினாய்" என்று கேட்டால் மனப்பாடமாகப் பதில் வரும். "வினிகரைப் பாதியாகக் குறைத்தால் என்ன ஆகும், செய்து பார்த்தாயா" என்று அடுத்த கேள்வி கேட்டால் பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்க்கும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்காது. குழந்தை மேல் தப்பே இல்லை, அது அதன் கேள்வியே இல்லை. அப்புவிடம் ஐந்தாவது கேள்வி கேட்டாலும் அவன் பேசுவான். இங்கே எழுதியிருக்கிறானே, கடி கடித்து நுனியைப் பிடித்துப் பறக்கும் என்று, அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

பள்ளத்தூர் மாமா: முன்னுரையாவது நெட்டில் எடுத்து நாலைந்து பக்கம் போட்டுவிடலாமா அத்தாச்சி? கனம் வேண்டுமே.

தேவகோட்டை அத்தை: அரைப் பக்கம் போதும். அதுவும் அவன் வாக்கியத்தில். சாலிம் அலி பற்றி நான் சொன்னதையும் நூலகத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு எழுதட்டும், எங்கே படித்தான் என்றும் குறிக்கட்டும்.

சிங்கப்பூர் பெரியப்பா: நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கி அனுப்புகிறேன்.

தேவகோட்டை அத்தை: அனுப்புங்கள் அண்ணன், அவனுக்கு ஆயுசுக்கும் ஆகும். ஆனால் அது வரும் வரை காத்திருக்க வேண்டாம். போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே, முடிந்த கூட்டின் அடியில் தொங்கும் குழல் வாசல் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். அப்பு, முதலில் மரத்தை ஒரு தாளில் வரைந்துகொள். மட்டை மட்டையாக. ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு எண். நாள், நேரம், மேகமா வெயிலா, எல்லாம் மேலே. ஒரே இடத்தில் நின்று பார், 15 நிமிடம். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும் ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்ப்பதுதான் வழக்கம். தள்ளி நில், குருவி கட்டுவதை நிறுத்தினால் நீ ரொம்பப் பக்கத்தில் நிற்கிறாய் என்று அர்த்தம்.

அம்மா: தொப்பி இல்லாமல் வெயிலில் நிற்கக் கூடாது என்றும் எழுதுங்கள் அண்ணி. நான் சொன்னால் கேட்பதில்லை.

தேவகோட்டை அத்தை: தொப்பி, தண்ணீர். கண்மாயில் தண்ணீர் ஏறியிருந்தால் கரையில் தனியாக நிற்கக் கூடாது, பெரியவர் யாராவது உடன் போங்கள்.

அப்பா: நான் போகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

அப்பா: போய் வந்தோம். இத்தனை வருடமாக அந்த வழியாகத்தான் வண்டியில் போகிறேன், நின்று அண்ணாந்து பார்த்ததில்லை. கூட்டின் வாசல் குழல் அடியிலிருந்து தொங்குகிறது. குருவி கீழேயிருந்து அம்பு மாதிரி நேராக ஏறி உள்ளே போகிறது, வேகத்தைக் குறைக்கவே இல்லை. அக்கா, இவன் ஒன்று கண்டுபிடித்திருக்கிறான். அவனே எழுதட்டும்.

அப்பு: அத்தை, எப்படிப் பிரிப்பது என்று கேட்டீர்களே. நிறத்தை வைத்து! இப்போது கட்டுகிற கூடு பச்சையாக இருக்கிறது, ஓலை இன்னும் காயவில்லை. விட்டுவிட்ட அரைக்கூடு முழுக்கப் பழுப்பு. சிலதில் மேலே பழுப்பு, கீழே பச்சை. அந்தப் பழைய கூட்டிலேயே ஒரு குருவி திரும்ப வந்து கட்டுகிறது. அப்படியென்றால் விட்டதையும் சிலசமயம் எடுத்துக் கட்டுமா?

தேவகோட்டை அத்தை: அப்பு! இது எனக்கே தோன்றவில்லை. மேலே பழுப்பு கீழே பச்சை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். விட்டதைத் திரும்ப எடுத்திருக்கலாம், அல்லது பெண் குருவி தாமதமாகச் சம்மதித்து இப்போது மீதியைக் கட்டலாம். எண் போட்ட கூட்டை விடாமல் பார்த்தால்தான் தெரியும். எண்ணிக்கை சொல்.

அப்பு: மொத்தம் 23. குழலோடு முடிந்தது 9. பழுப்பு அரைக்கூடு 7. பச்சை அரைக்கூடு 4, மேலே பழுப்பு கீழே பச்சையாக இருப்பதையும் இதில்தான் சேர்த்தேன். சரியாகத் தெரியாதது 3, மட்டைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

அப்பா: அந்த 3-ஐயும் அரைக்கூட்டில் சேர்த்துவிடலாம் என்றேன். குழல் கண்ணில் படவில்லை.

தேவகோட்டை அத்தை: வேண்டாம் தம்பி. "தெரியவில்லை 3" என்றே இருக்கட்டும். அந்தக் கட்டம்தான் இந்த நோட்டு நேர்மையானது என்று சொல்லும். வேறு பக்கம் நின்று பார்க்க முடிந்தால் மாற்றட்டும், இல்லையென்றால் கடைசி வரை அப்படியே போகட்டும்.

பள்ளத்தூர் மாமா: வரப்பு ஓரம் நிலம் வைத்திருக்கும் ஒருவர் கடைக்கு வந்திருந்தார். இவன் ப்ராஜெக்டைச் சொன்னேன். "நெல்லைத் தின்கிற குருவிக்கா மார்க்" என்று வருத்தப்பட்டார்.

தேவகோட்டை அத்தை: தின்னும், மறுக்க முடியாது. குஞ்சுகளுக்கு வெட்டுக்கிளி மாதிரிப் பூச்சிகளையும் பிடித்துக் கொடுக்கும், அதையும் அவரிடம் சொல்லுங்கள். அப்பு, அவரைப் போய்ப் பார். எந்த மாதம் அதிகம் வருகிறது, முன்பு எந்த மரங்களில் கூடு இருந்தது என்று கேள். அந்தக் கண்மாய்க்கரையை நம் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா: விழுந்து கிடந்த கூட்டைக் கொண்டுவந்து முற்றத்தில் பேப்பர் விரித்துப் பிரித்தோம். அப்பத்தாவும் உட்கார்ந்தார்கள். ஒரு நூல் இழுத்தால் வரவில்லை, அவ்வளவு இறுக்கம். உள்ளே காய்ந்த மண் மூன்று இடத்தில் ஒட்டியிருந்தது, விரலால் தட்டினால் கல் மாதிரி. மின்மினி இல்லை. "மண் இருக்கிறதல்லவா, எங்கள் ஐயா பொய் சொல்லவில்லை" என்று அப்பத்தாவுக்கு ஒரே சந்தோஷம்.

(படம்)

மதுரை அக்கா: அப்பு, அப்பத்தா சொன்னதைத் தனிப் பக்கமாக எழுது. என்ன சொன்னார்கள், பிரித்ததில் என்ன இருந்தது. அப்படியே.

அப்பு: எழுதிவிட்டேன் அக்கா. அத்தை, விடுமுறை முடிவதற்குள் பழுப்புக் கூடுகளில் எதுவுமே மாறவில்லை என்றால்? சொல்ல ஒன்றும் இருக்காதே?

தேவகோட்டை அத்தை: "7 கூடுகளில் எதையும் குருவி திரும்ப எடுக்கவில்லை" என்பது ஒரு விடை. அதை அப்படியே எழுது, மாற்றிச் சொல்லாதே. பள்ளி திறந்த பிறகும் பார்க்க ஆசை இருந்தால் பார், மழை வந்ததும் என்ன ஆகிறது என்பதும் அந்த மரத்திலேயே இருக்கிறது. தலைப்பு என்ன வைக்கப் போகிறாய்?

அப்பு: "எங்கள் கண்மாய்க்கரைப் பனையில் பாதியில் நின்ற தூக்கணாங்குருவிக் கூடுகள்." நீளமாக இருக்கிறதா?

தேவகோட்டை அத்தை: இல்லை. எங்கே, எந்த மரம், எது என்று மூன்றும் இருக்கிறது. வைத்துக்கொள்.

பள்ளத்தூர் மாமா: மருமகனே, கோடு போடாத நோட்டு ஒன்றும் கிராஃப் தாளும் எடுத்து வைத்திருக்கிறேன். பிரிண்ட் கதையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கடை ஒன்பது மணி வரை திறந்திருக்கும், அப்பாவோடு வந்து வாங்கிக்கொள்.